வீணை தனம்மாள்

வீணை தனம்மாள் (1867 – அக்டோபர் 15, 1938) சென்னை ஜார்ஜ் டவுனில் வாழ்ந்த கருநாடக இசைக் கலைஞர் ஆவார். வீணையை இசைத்தவாறே தாமே பாடும் முறைக்காக இவர் புகழ்பெற்றார். காதலையும் பிரிவுத் துயரையும் பொருளாகக் கொண்ட பதம், ஜாவளி ஆகிய இசைப்பாடல் வகைகளைப் பேணி அடுத்த தலைமுறையினருக்குக் கையளித்தவர் என்ற வகையிலும் இவர் அறியப்படுகிறார். நாட்டியக் கலைஞர் த. பாலசரசுவதி, பாடகர்களான த. பிருந்தா, த. முக்தா, புல்லாங்குழல் கலைஞர் த. விசுவநாதன் ஆகியோர் இவருடைய பேரப்பிள்ளைகள் ஆவர்.

பிறப்பும் குடும்பமும்

தனம்மாள் 1867 ஆம் ஆண்டு சென்னை ஜார்ஜ் டவுனில் பிறந்தார். இவருடைய குடும்பம் இசையையும் நடனத்தையும் தலைமுறை தலைமுறையாகத் தொழிலாகக் கொண்டது. முன்னோர் தஞ்சாவூர் அரசவையுடன் தொடர்புடையவர்கள். பாட்டி காமாட்சி அம்மாள் நடனக் கலைஞர். தாயார் சுந்தரம்மாள் பாடகர். சியாமா சாஸ்திரிகளின் மகனான சுப்பராய சாஸ்திரிகளிடம் (1803–1862) அவர் இசை பயின்றார்.

இக்குடும்பத்தில் மரபு தாய்வழியாகவே தொடர்ந்தது. பேரப்பிள்ளைகளின் பெயர்களுக்கு முன்னுள்ள எழுத்து தந்தையின் பெயரைக் குறிப்பது அன்று. அது தஞ்சாவூரைக் குறிக்கும். குடும்பம் சென்னையில் பல காலம் வாழ்ந்த பின்னரும் பூர்வீக ஊரின் பெயரே அடையாளமாக நீடித்தது. சொத்தைப் போலவே பாடல்களும் தாயிடமிருந்து மகளுக்கு வந்து சேர்ந்தன.

வட சென்னையின் இசைச் சூழல்

துறைமுகத்தை ஒட்டி, இராயபுரத்திற்குத் தெற்கே அமைந்த ஜார்ஜ் டவுன் பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னையின் வணிக மையமாக இருந்தது. துபாசிகளும் பெரும் வணிகர்களும் இங்கே வாழ்ந்தனர். தஞ்சாவூர் மராத்திய அரசு 1855 இல் முடிவுக்கு வந்த பின்னர், அரசவை ஆதரவை இழந்த கலைஞர்கள் பலர் சென்னையை நாடி வந்தனர். கோயில் விழாக்களிலும் செல்வந்தர் இல்லங்களிலும் அவர்களுக்கு வாய்ப்புகள் கிடைத்தன.

இப்பகுதியின் இசைத் தொடர்பு இதற்கும் முந்தியது. தியாகராஜர் சென்னைக்கு வந்தபோது ஜார்ஜ் டவுனில் கோவூர் சுந்தர முதலியாரின் இல்லத்தில் தங்கினார். அப்பயணத்தின்போது திருவொற்றியூர் திரிபுரசுந்தரி அம்மன் மீது ஐந்து கீர்த்தனைகளை இயற்றினார். அவருடைய மாணவரான வீணை குப்பையரின் மகன், திருவொற்றியூர் தியாகையர் (1845–1917) என்று ஊர்ப் பெயராலேயே அழைக்கப்பட்டார். கனம் கிருஷ்ணையர் திருவொற்றியூர்த் தியாகராசரைத் தலைவனாக வைத்து அடாணா இராகத்தில் ஒரு தமிழ்ப் பதம் இயற்றியுள்ளார். தனம்மாளின் காலத்தில் கோயம்புத்தூர் தாயி, பெங்களூர் நாகரத்தினம்மாள் ஆகிய புகழ்பெற்ற பெண் கலைஞர்களும் ஜார்ஜ் டவுன் பகுதியில் வாழ்ந்தனர்.

இசைப் பயிற்சி

தனம்மாள் முதலில் தம் குடும்பத்தினரிடமே இசை கற்றார். வீட்டிற்கு வெளியே இவருக்கு இரண்டு ஆசிரியர்கள் முதன்மையாக அமைந்தனர். ஒருவர் சாத்தனூர் பஞ்சநத ஐயர். அவர் முத்துசுவாமி தீட்சிதரின் மாணவரான சுத்தமத்தளம் தம்பியப்பனிடம் கற்றவர். அவர் வழியாகத் தீட்சிதரின் கிருதிகள் தனம்மாளை அடைந்தன. மற்றொருவர் வாலாஜாபேட்டை பாலகிருஷ்ண தாஸ். கண்பார்வை அற்ற இவர், க்ஷேத்ரக்ஞரின் பதங்களைப் பாடுவதில் பெற்றிருந்த தேர்ச்சியால் 'பதம்' பாலதாஸ் என்றே அழைக்கப்பட்டார்.

சியாமா சாஸ்திரிகளின் மரபு தாயார் வழியாகவும், தீட்சிதர் மரபு பஞ்சநத ஐயர் வழியாகவும், பத மரபு பாலதாஸ் வழியாகவும் ஒருவரிடமே வந்து சேர்ந்தமை தனம்மாளின் சிறப்பு எனலாம். எனவே இவரைப் பதங்களையும் ஜாவளிகளையும் மட்டும் பாடியவராகக் கருதுவது பொருந்தாது. மூவரின் கீர்த்தனைகளும் இவர் வீணையில் சம இடம் பெற்றன.

பதமும் ஜாவளியும்

பதம் என்பது மெதுவான காலப்பிரமாணத்தில் அமைந்த இசைப்பாடல் வகை. தலைவி, தலைவன், தோழி ஆகியோரில் ஒருவரின் கூற்றாக அது அமையும். காத்திருத்தல், ஊடல், ஐயம், ஏமாற்றம், பிரிவாற்றாமை முதலியவை அதன் பொருள். சங்க அக இலக்கியத்தை அறிந்த வாசகருக்கு இவ்வமைப்பு புதிதன்று. ஆயினும் அகப்பாடல்களில் தலைவனின் பெயர் சுட்டப்படுவதில்லை; பதங்களில் தலைவன் பெரும்பாலும் பெயர் சுட்டப்படும் இறைவனாகவோ அரசனாகவோ புரவலனாகவோ இருப்பான்.

இவ்வகையின் முதன்மையான இயற்றுநர் பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த க்ஷேத்ரக்ஞர் ஆவார். ஆந்திராவின் மொவ்வ என்னும் ஊரைச் சேர்ந்த இவர் தஞ்சாவூர் விசயராகவ நாயக்கரின் அவையில் ஆதரவு பெற்றவர். தெலுங்கில் அமைந்த இவர் பதங்களின் தலைவன் மொவ்வ கோபாலன், அதாவது கண்ணன். தமிழில் முத்துத்தாண்டவர், கனம் கிருஷ்ணையர், வைத்தீசுவரன்கோயில் சுப்பராமையர் முதலியோர் பதங்கள் இயற்றினர்.

ஜாவளி பத்தொன்பதாம் நூற்றாண்டில் பரவலான வடிவம். தெலுங்கிலும் கன்னடத்திலும் மிகுதியாகக் காணப்படும் இது பதத்தைவிடச் சற்று விரைவானது. சொல்லும் மெட்டும் எளிமையானவை. காபி, கமாசு, பெகாக், செஞ்சுருட்டி போன்ற இராகங்களில் ஜாவளிகள் மிகுதி. பதத்தில் ஆழ்ந்த ஏக்கமாக வெளிப்படுவது ஜாவளியில் குறும்பாகவோ வெளிப்படையான கோபமாகவோ வெளிப்படும்.

பதங்களைச் சுரப்படுத்தி எழுதுவது கடினம். ஒரு சொல் நீண்ட நேரம் இழுக்கப்படும்போது அதனுள் நிகழும் நுண்ணிய அசைவுகளே இராகத்தின் உருவத்தைத் தருகின்றன. ஏட்டில் சுரங்களைக் குறிக்கலாம். ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் வழியை முழுமையாகக் குறிக்க இயலாது. ஆகவே பதங்கள் நேரில் கேட்டுக் கற்பதாலேயே நிலைபெற்றன. கற்பிக்க ஒருவர் இல்லாமற்போனால், சொற்கள் அச்சில் இருந்தாலும் பாடல் மறைந்துவிடும்.

வாசிப்பு முறை

தென்னிந்திய வீணையில் 24 மெட்டுகளும், இசைப்பதற்கு நான்கு தந்திகளும், தாளத்திற்கும் சுருதிக்கும் மூன்று பக்கத் தந்திகளும் உள்ளன. வீணைக் கலைஞர்கள் பலர் உரத்த ஒலி பெறுவதற்காக விரல்களில் கம்பி மீட்டிகளை அணிவர். தனம்மாள் மீட்டி அணியாமல் விரல்களாலேயே மீட்டினார். இதனால் நாதம் மென்மையாகவும் சிறியதாகவும் இருந்தது.

ஒருமுறை மீட்டிய தந்தியின் ஒலி விரைவில் தேய்ந்துவிடும். அது தேய்ந்து மறைவதற்குள் இடக்கை விரலால் தந்தியை இழுத்துப் பல சுரங்களைப் பெறுவது வீணையில் கமகத்தின் அடிப்படை. மெதுவான பதங்களை இசைக்கும்போது இத்தேய்வு ஒலியே முக்கியமாகிறது. மேலும் தனம்மாள் வாசிப்புடன் தம் குரலையும் சேர்த்துக்கொண்டார். வீணை ஒலி குறையும் இடத்தில் குரலும், குரல் நிற்கும் இடத்தில் வீணையும் தொடர்ந்தன. மென்மையான இவ்விசைக்குச் சிறிய அறையும் பேசாத அவையும் இன்றியமையாதவை.

வெள்ளிக்கிழமைக் கச்சேரிகள்

ஒவ்வொரு வெள்ளிக்கிழமை மாலையும் ஜார்ஜ் டவுனில் இருந்த தம் இல்லத்தில் தனம்மாள் வீணை வாசித்தார். இக்கச்சேரிகள் சென்னை இசை வட்டாரத்தில் பெரும் புகழ் பெற்றன. இசை ஆர்வலர்களுடன் முன்னணிக் கலைஞர்களும் கேட்க வந்தனர். ஏனைய நாட்களில் பிறருக்காகப் பாடிய வித்துவான்கள் அன்று கேட்பவர்களாக அமர்ந்தனர்.

அவையில் அமைதி கட்டாயமாக இருந்தது. பேச்சோ சலசலப்போ எழுந்தால் தனம்மாள் கடுமையாகச் சினம் கொள்வார் என்பது பலராலும் பதிவு செய்யப்பட்டுள்ளது. இதை அவருடைய இயல்பான முன்கோபமாக மட்டும் கருத முடியாது. மீட்டி அணியாத வீணையின் ஒலி, ஒருவர் பேசினாலே மறைந்துவிடக் கூடியது. ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் கேட்பவரின் அமைதியும் அவ்விசையின் ஒரு பகுதியாக இருந்தது.

தருமபுரி சுப்பராயர்

தனம்மாளின் சமகாலத்தவரும் நெருங்கிய நண்பருமான தருமபுரி சுப்பராயர் தெலுங்கில் பல ஜாவளிகளை இயற்றினார். அவற்றுள் பலவற்றைப் பாடிப் பரப்பியவர் தனம்மாளே ஆவார். பரசு இராகத்தில் அமைந்த புகழ்பெற்ற ஜாவளி ஒன்று தனம்மாளை முன்னிட்டே இயற்றப்பட்டது என்ற செவிவழிச் செய்தி இசை உலகில் நிலவுகிறது. சுப்பராயரின் பாடல்கள் பின்னர் பிருந்தா, முக்தா ஆகியோரின் கச்சேரிகள் வழியாகவும், பாலசரசுவதியின் நாட்டிய நிகழ்ச்சிகள் வழியாகவும் பரவலாக அறியப்பட்டன.

சமூக மாற்றங்கள்

தனம்மாளின் வாழ்நாள் தேவதாசி மரபுக்கு எதிரான இயக்கம் வலுப்பெற்ற காலமாகும். 1890களில் சென்னையில் சமூகச் சீர்திருத்தவாதிகள் விழாக்களிலும் இல்லங்களிலும் இம்மரபுப் பெண்களின் நடனத்தைப் புறக்கணிக்குமாறு வலியுறுத்தத் தொடங்கினர். 1920களின் பிற்பகுதியில் மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி சென்னைச் சட்டமன்ற மேலவையில் சிறுமியரைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் வழக்கத்தை ஒழிக்க முனைந்தார். இம்மரபுக்குள்ளேயே வளர்ந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் அவ்வழக்கத்தைக் கடுமையாக எதிர்த்தார். மறுபுறம், பெங்களூர் நாகரத்தினம்மாள் உள்ளிட்ட கலைஞர்கள் தங்கள் தொழிலும் உரிமையும் பறிபோகும் என்று எதிர்ப்புத் தெரிவித்தனர். 1947 ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில் பெண்களை நேர்ந்துவிடுவதைத் தடை செய்யும் சட்டம் நிறைவேறியது.

சிறுமியரின் விருப்பத்தைக் கேளாத ஒரு வழக்கம் முடிவுக்கு வந்தது இச்சீர்திருத்தத்தின் பயன். ஆனால் அவ்வழக்கத்தின் மீது எழுந்த ஒவ்வாமை அப்பெண்கள் பாடிய பாடல்களின் மீதும் படிந்தது. பதங்களில் உள்ள சிருங்காரம் பொது மேடைக்கு ஒவ்வாதது என்ற கருத்து படித்த வகுப்பினரிடையே பரவியது. பதினெட்டாம் நூற்றாண்டுப் பெண் கவிஞர் முத்துபழனியின் காதல் காவியமான ராதிகா சாந்தவனத்தை நாகரத்தினம்மாள் 1910 இல் பதிப்பித்தபோது, அந்நூலை ஆங்கிலேய அரசு தடை செய்தது இச்சூழலைக் காட்டுகிறது.

இதே காலத்தில் இசைக் கச்சேரியின் இடமும் மாறியது. 1927 இல் சென்னையில் நடைபெற்ற இசை மாநாட்டைத் தொடர்ந்து 1928 இல் சென்னை மியூசிக் அகாதமி தொடங்கப்பட்டது. சபாக்களின் பெரிய அரங்குகளும், அரியக்குடி இராமானுச ஐயங்காரின் பெயருடன் தொடர்புபடுத்தப்படும் புதிய கச்சேரி அமைப்பும் நிலைபெற்றன. அவ்வமைப்பில் பதங்களும் ஜாவளிகளும் கச்சேரியின் பிற்பகுதிக்கு உரிய சிறிய உருப்படிகள் ஆயின. தனம்மாளின் இல்லத்தில் அவை கீர்த்தனைகளுக்கு நிகரான இடத்தைத் தொடர்ந்து பெற்றன. அவர் இவ்விவாதங்களில் மேடையேறிப் பேசியவர் அல்லர்; தம் பாடல் தேர்வை மாற்றிக்கொள்ளவும் இல்லை.

இசைத்தட்டுகள்

1930களின் முற்பகுதியில் கொலம்பியா நிறுவனம் தனம்மாளின் இசையை இசைத்தட்டுகளாகப் பதிவு செய்தது. அப்போது அவருக்கு வயது அறுபதைக் கடந்திருந்தது. நிமிடத்திற்கு 78 முறை சுழலும் அத்தட்டுகளின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிட இசையே அடங்கும். நிதானமாக விரிய வேண்டிய இசைக்கு இவ்வரம்பு மிகக் குறுகியது. எனினும் அவருடைய மீட்டு முறையை இன்று நேரடியாக அறிய உதவும் முக்கியச் சான்றுகளாக இத்தட்டுகள் விளங்குகின்றன.

இறுதிக் காலம்

தனம்மாள் வாழ்நாளில் பெரும் புகழ் பெற்றிருந்தும் பொருள் வசதியுடன் வாழவில்லை. பெரிய குடும்பத்தைத் தாங்க வேண்டியிருந்தது. பழைய புரவலர்களின் ஆதரவும் குறைந்துவந்தது. பிற்காலத்தில் கண்பார்வையை இழந்தார். ஆயினும் வீணை வாசிப்பை விடவில்லை. அவர் 1938 ஆம் ஆண்டு அக்டோபர் 15 அன்று காலமானார்.

வழித்தோன்றல்களும் மாணவர்களும்

தனம்மாளுக்கு இராஜலட்சுமி, லட்சுமிரத்தினம், ஜெயம்மாள், காமாட்சி என நான்கு மகள்கள். நால்வரும் இசை பயின்றவர்கள். அவர்களுடைய பிள்ளைகளின் காலத்தில் இம்மரபு பல துறைகளில் விரிந்தது.

காமாட்சியின் மகள்களான பிருந்தாவும் (1912–1996) முக்தாவும் (1914–2007) இணைந்து பாடி, பதம், ஜாவளி ஆகியவற்றின் அதிகாரபூர்வமான பாடகர்களாக மதிக்கப்பட்டனர். இவர்கள் காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளையிடமும் பயின்றவர்கள். பிருந்தாவுக்கு 1976 ஆம் ஆண்டு மியூசிக் அகாதமியின் சங்கீத கலாநிதி விருது வழங்கப்பட்டது. எம். எஸ். சுப்புலட்சுமி, இராமநாதபுரம் கிருஷ்ணன், அருணா சாயிராம் முதலிய பலர் பிருந்தாவிடம் பதங்களைக் கற்றனர். ஒரு காலத்தில் பொது மேடைக்கு ஒவ்வாதவை என்று ஒதுக்கப்பட்ட பாடல்களைக் கற்பதற்காக, வேறு சமூகங்களைச் சேர்ந்த முன்னணிக் கலைஞர்கள் இக்குடும்பத்தை நாடி வந்தமை குறிப்பிடத்தக்கது.

ஜெயம்மாளின் மகள் பாலசரசுவதி (1918–1984) பரதநாட்டியத்தில் உலகப் புகழ் பெற்றார். ஏழு வயதில் காஞ்சிபுரத்தில் அரங்கேறிய அவருக்குத் தாயார் ஜெயம்மாளே நீண்ட காலம் பாடினார். சிருங்காரத்தை நீக்கி நாட்டியத்தைத் தூய்மைப்படுத்த வேண்டும் என்ற கருத்தைப் பாலசரசுவதி ஏற்கவில்லை. சுவைகளுள் சிருங்காரமே முதன்மையானது என்ற நிலைப்பாட்டை இறுதிவரை வெளிப்படையாக வலியுறுத்தினார். பாட்டி வீணையில் கைவிடாத பாடல்களையே பேத்தி அபிநயத்தில் காத்தார் எனலாம். இவரைப் பற்றி சத்யஜித் ராய் 1976 இல் 'பாலா' என்ற ஆவணப்படத்தை இயக்கினார். பாலசரசுவதிக்கு 1973 இல் சங்கீத கலாநிதி விருதும் 1977 இல் பத்ம விபூசண் விருதும் வழங்கப்பட்டன.

பாலசரசுவதியின் தம்பியர் மிருதங்கக் கலைஞர் த. ரங்கநாதன் (1925–1987), புல்லாங்குழல் கலைஞர் த. விசுவநாதன் (1927–2002) ஆகியோர் அமெரிக்காவின் வெசுலியன் பல்கலைக்கழகத்தில் இசை கற்பித்தனர். லட்சுமிரத்தினத்தின் மகன் த. சங்கரன் அகில இந்திய வானொலியில் பணியாற்றியவர். பழைய கலைஞர்களைப் பற்றிப் பல கட்டுரைகள் எழுதினார்.

குடும்பத்திற்கு வெளியே இசையறிஞர் ரா. ரங்கராமானுஜ ஐயங்கார் (1901–1980) தனம்மாளிடம் பயின்று, பெருந்தொகையான பாடல்களைச் சுரக்குறிப்புடன் 'கிருதிமணிமாலை' என்ற தொகுதிகளாக வெளியிட்டார். வீணைக் கலைஞர் சாவித்திரி ராஜனும் தனம்மாளின் மாணவர் ஆவார்.

ஜப்பானிய மரபுடன் ஒப்பீடு

பெண் கலைஞர்கள் தந்தி இசையுடன் காதல் பாடல்களைச் சிறிய அறையில் பாடும் மரபு ஜப்பானிலும் உண்டு. அங்கே மூன்று தந்திகள் கொண்ட ஷாமிசென் என்னும் கருவி பயன்படுகிறது. சீனாவிலிருந்து ரியூக்கியூ தீவுகள் வழியாகப் பதினாறாம் நூற்றாண்டில் அது ஜப்பானை அடைந்தது. பொதுவாக ஷாமிசென் பெரிய மீட்டியால் இசைக்கப்படும். ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வளர்ந்த, 'சிறு பாட்டு' என்று பொருள்படும் கோ-உத்தா வகைப் பாடல்களுக்கு மீட்டி பயன்படுத்தாமல் விரலாலேயே மீட்டுவர். காத்திருத்தலும் பிரிவும் அப்பாடல்களின் வழக்கமான பொருள். கெய்சா என்னும் பெண் கலைஞர்கள் அவற்றைப் பயின்று பாடிவந்தனர்.

ஜாவளியும் கோ-உத்தாவும் ஏறத்தாழ ஒரே நூற்றாண்டில் வளர்ந்தவை. இரண்டும் அளவில் சிறியவை. இரண்டும் அருகில் அமர்ந்து கேட்பவருக்கானவை. இவற்றுக்கிடையே நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. ஜப்பானில் கெய்சா தொழில் சுருங்கியபோதும் மறையவில்லை. தமிழகத்தில் கலைஞர்களின் சமூக அமைப்பு சட்டத்தாலும் காலத்தாலும் கலைந்தது. பாடல்கள் புதிய பாடகர்களிடம் சென்று சேர்ந்தன.

நினைவு

2010 ஆம் ஆண்டு இந்திய அஞ்சல் துறை தனம்மாளின் உருவம் பொறித்த அஞ்சல்தலையை வெளியிட்டது. இவருடைய மரபு இசையுலகில் 'தனம்மாள் பாணி' என்ற பெயரால் வழங்கப்படுகிறது. மெதுவான நடை, அளவான கற்பனை, இராகத்தின் சிறு அசைவுகளில் கவனம், சொல்லின் பொருளை மறைக்காத இசை ஆகியவை இப்பாணியின் இயல்புகளாகக் கூறப்படுகின்றன. க்ஷேத்ரக்ஞரின் பதங்களும் சுப்பராயரின் ஜாவளிகளும் இன்று மேடைகளில் பாடப்படும் பாட வடிவங்களுள் பல, ஜார்ஜ் டவுனின் அந்த வீட்டில் கேட்டுக் கற்றவர்கள் வழியாக வந்தவை.